நட்ட கணக்கும் பிடுங்கிய கணக்கும்

தன்னார்வலர்கள் செடி நடும் செய்திகளுக்கென்றே ஒரு அச்சு இருக்கிறது. முதல் படத்தில் புதர் மண்டிய ஒரு சரிவு. இரண்டாவதில் கையுறை போட்ட இருபது இளைஞர்கள், முழங்கால் வரை சேறு, ஆளுக்கொரு நாற்று. மூன்றாவதில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கீழே ஒரு எண்: இன்று இத்தனை நூறு செடிகள் நடப்பட்டன. கடைசிப் பத்தியில் மண்ணோடு உறவு ஏற்பட்டதாக யாராவது ஒருவர் சொல்வார். அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

சில மாதங்களாக ஹவாய்த் தீவுகளில் நடக்கும் பூர்வீகச் செடி மீட்பு வேலைகளைப் பற்றி வாசித்துக் குறிப்பு எடுத்து வருகிறேன். நான் அங்கே போனதில்லை. அறிக்கைகள், ஆய்வுக் கட்டுரைகள், காணொளிகள் வழியாகத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். படிக்கப் படிக்க ஒரு உறுத்தல் வந்தது. நான் விமர்சிக்க நினைப்பது அந்த இளைஞர்களை இல்லை. அவர்களைப் பற்றி எழுதப்படும் கதையை. அந்தக் கதை நடுவதைப் பேசுகிறது. வேலையோ பெரும்பாலும் பிடுங்குவதிலும், திரும்பத் திரும்ப வருவதிலும் இருக்கிறது. இந்த இடைவெளி வெறும் எழுத்துக் குறை இல்லை, அதனால் செடிகள் சாகின்றன என்பதுதான் என் வாதம்.

சரி, முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம்.

கலிஹி

ஒவாஹு தீவில் ஹொனலுலு நகரம் கடலோரத்தில் இருக்கிறது. நகரத்துக்குப் பின்னால் கூலாவ் மலைத்தொடர். மலையிலிருந்து நகரத்தை நோக்கிப் பல பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. கலிஹி, நூஆனு, மானோவா, பாலோலோ எனப் பெயர்கள். இதில் கலிஹி உழைக்கும் மக்களின் பள்ளத்தாக்கு. பிலிப்பைன்ஸ், சமோவா, மைக்ரோனேசியத் தீவுகள் என்று பல இடங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி.

இந்தப் பள்ளத்தாக்கின் உள்கோடியில் சுமார் 100 ஏக்கர் நிலம் ஹோஓஉலு ஆஇனா என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. நிலத்தை வளரச் செய்தல் என்று பொருள் சொல்லலாம். இதை நடத்துவது வனத்துறையோ, பல்கலைக்கழகமோ இல்லை. ஒரு மருத்துவ மையம்! 1972-இல் தொடங்கிய கோகுவா கலிஹி வேலி என்ற சமூக சுகாதார நிலையம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுக்கிற இடம், அதே கையோடு ஒரு காட்டையும் கவனிக்கிறது. நிலத்தின் உடல்நலமும் மக்களின் உடல்நலமும் ஒன்றுதான் என்பது அவர்களுடைய அடிப்படை. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் வேலை நாட்களில் வந்து களை எடுக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள், நடுகிறார்கள், சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? ஹவாய் கண்டங்களிலிருந்து மிகத் தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. காற்றிலும் கடலிலும் பறவையின் வயிற்றிலும் வந்த சில விதைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளில் புதுப்புது இனங்களாகப் பிரிந்தன. அங்கே இயற்கையாக இருந்த பூக்கும் தாவரங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் உலகில் வேறெங்கும் கிடையாது. மேய்கிற விலங்குகள் இல்லாத நாடு என்பதால் பல செடிகள் தற்காப்பையே கைவிட்டுவிட்டன. அரிக்காத காஞ்சொறி, வாசமில்லாத புதினா வகை எல்லாம் அங்கே உண்டு. மாமகி என்ற செடி காஞ்சொறிக் குடும்பம்தான், ஆனால் அதன் இலையைப் பறித்துத் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். அப்படிப்பட்ட செடிகளுக்கு நடுவே ஆடும் மாடும் பன்றியும் வந்தால் என்ன ஆகும்? ஆனதுதான் நடந்தது. காட்டில் 50-க்கும் குறைவாகவே மிஞ்சிய இனங்களை மட்டும் கவனிக்கவே அங்கே தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. அதன் பட்டியலில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள்.

அந்த சனிக்கிழமையில் என்ன நடக்கிறது

செய்திப் படத்தில் வராத பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். காட்டுக்குள் போகுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மண்ணை பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, 70 சதவீத ஆல்கஹால் தெளிக்க வேண்டும். ஓஹியா லெஹுவா என்பது ஹவாய்க் காடுகளின் முதுகெலும்பு மாதிரியான மரம். அதைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோயின் காரணம் 2014-இல் ஹவாய்ப் பெருந்தீவில் கண்டறியப்பட்டது. 2019-இல் ஒவாஹுவிலும் நோய் தென்பட்டது. நம் செருப்பில் ஒட்டிய மண்ணே அதைச் சுமந்து போகலாம். உதவ வருகிறவரே நோயைக் கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் வேலையின் முதல் பாடம்.

அடுத்தது பிடுங்குதல். எதைப் பிடுங்குவது என்று தெரியவேண்டும். இரண்டு விரல் உயரத்தில் எல்லா நாற்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். பூர்வீகச் செடியின் கன்றையும் ஸ்ட்ராபெரி கொய்யாவின் கன்றையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். முதல் தடவை வருகிறவர் பக்கத்தில் பழகிய ஒருவர் நின்றே ஆகவேண்டும்.

பிறகு பெரிய மரங்கள். எல்லா அந்நிய மரத்தையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் படத்துக்கு நன்றாக இருக்கும். நிலத்துக்குக் கெடுதல். மேலே கூரை திறந்ததும் வெயில் தரைவரை இறங்கும். இறங்கியதும் முதலில் எழும்புவது புல்லும் களையும்தான். அதனால் பட்டையை வளையமாகச் சீவிவிட்டு மரத்தை மெதுவாகச் சாகவிடுவது, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் விடுவது, அந்த அளவுக்கு மட்டும் கீழே நடுவது என்று நிதானமாகப் போக வேண்டியிருக்கிறது. நட்ட பிறகும் அப்படியே விட்டுவிட முடியாது. புல் கன்றை மூடாமல் பல மாதங்கள், சில இடங்களில் சில வருடங்கள், சுற்றிச் சுற்றிக் களை எடுக்க வேண்டும்.

ஆக, ஒரு நாற்றைக் குழியில் வைத்து மண் தள்ளுவதற்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும் வருடக் கணக்கில் வேலை. செய்தி எண்ணுவது அந்த ஐந்து நிமிடத்தை மட்டும்!

"எண்ணிக்கை சொன்னா என்ன தப்பு, ஊக்கமாத்தானே இருக்கும்?" என்று கேட்கலாம். எண்ணுவது தப்பில்லை. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் பணமும் ஆளும் வந்து சேரும் என்பதுதான் சிக்கல். 'ஆயிரம் செடி நட்டோம்' என்று அறிக்கை கொடுக்கலாம். 'போன வருஷம் நட்ட ஆயிரத்தைச் சுற்றி இந்த வருஷமும் களை எடுத்தோம்' என்று அறிக்கை கொடுத்தால் யார் பணம் தருவார்கள்? இரண்டாவது வருடத்தில் எத்தனை உயிரோடு இருந்தன என்ற எண்ணை எந்த ஊர் செய்தியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

நட்டவர்கள் அப்போதும் இளைஞர்கள்தான்

இந்த எண்ணிக்கை மோகத்துக்கு ஹவாயிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. இன்று எழுதப்படும் செய்திகளில் அது ஏனோ வருவதே இல்லை.

1793-இல் வான்கூவர் என்ற ஆங்கிலேய மாலுமி அரசர் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொடுத்தார். அவை பெருகின. ஆடுகளும் பெருகின. அடுத்த நூறு ஆண்டில் மலைச்சரிவுகள் மொட்டையாயின. கரும்புத் தோட்டங்களுக்கோ மலையிலிருந்து வரும் தண்ணீர் வேண்டும். காடு போனால் தண்ணீர் போய்விடும் என்று தோட்ட முதலாளிகளே பயந்தார்கள். 1903-இல் வனத்துறையும் காப்புக்காடுகளும் வந்தன. சரிவுகளை எப்படியாவது மூட வேண்டும், சீக்கிரம் மூட வேண்டும். 1930-களில் அமெரிக்கா முழுக்க வேலையில்லா இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட பாதுகாப்புப் படை ஹவாயிலும் இயங்கியது. அந்த இளைஞர்கள் லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். யூக்கலிப்டஸ், சவுக்கு, சில்வர் ஓக் என்று நமக்கும் பழகிய பெயர்கள்தான் அதிகம். வேகமாக வளரும், நாற்று சுலபமாகக் கிடைக்கும், எண்ணிக்கை காட்டலாம்.

அவர்களும் சேற்றில் நின்றவர்கள்தான். நல்ல நோக்கம்தான். நீர்ப்பிடிப்பு விஷயத்தில் பலனும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்து நடவுகளில் வந்த சில மரங்கள் இன்று அடக்க முடியாமல் பரவி நிற்கின்றன. அல்பீசியா என்ற மரம் 1917-இல் இதே மறுநடவு நோக்கத்தில் கொண்டு வரப்பட்டது. ஆண்டுக்கு 15 அடி கூட வளரும். கிளைகள் மெத்தென்று ஒடியும். 2014 ஆகஸ்டில் இசெல் புயல் வந்தபோது ஹவாய்ப் பெருந்தீவின் பூனா பகுதியில் இந்த மரங்கள் சாலைகளிலும் மின்கம்பிகளிலும் விழுந்து ஊரையே முடக்கின. இன்று இளைஞர்கள் பட்டை சீவிச் சாகடிக்கும் மரங்களில் இதுவும் ஒன்று.

மானோவா பள்ளத்தாக்கின் கதை இன்னும் தெளிவு. 1918-இல் சர்க்கரைத் தோட்ட முதலாளிகள் சங்கம் அங்கே ஒரு சோதனை வனத் தோட்டம் தொடங்கியது. பொறுப்பில் இருந்தவர் ஹரோல்ட் லயன் என்ற தாவரவியலாளர். பூர்வீகக் காடு இனித் தேறாது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். உலகெங்கிலுமிருந்து மரங்களை வரவழைத்தார். அத்தி வகைகளை நட்டதோடு நிற்கவில்லை, அவற்றுக்கு மகரந்தம் சேர்க்கும் குளவிகளும் தனியாகத் தீவுக்குக் கொண்டு வரப்பட்டன. குளவி வந்ததும் அத்தி காய்த்தது, பறவை தின்றது, விதை எங்கும் போனது. இன்று அதே தோட்டம் அவர் பெயரிலேயே ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே உள்ள ஆய்வகத்தில் அழிவின் விளிம்பில் இருக்கும் பூர்வீகச் செடிகளைச் சோதனைக் குழாயில் வளர்த்துக் காப்பாற்றுகிறார்கள். தேறாது என்று ஒருவர் கைவிட்டதை, அவர் பெயரிட்ட கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு தலைமுறை தேற்றிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்வது முன்னோரைக் குறை சொல்ல இல்லை. நடுவது தன்னளவில் நல்ல காரியம் என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம் என்கிறேன். 1930-களின் அறிக்கையில் எண் பெரிதாக இருந்தது. எதை நட்டோம், அது அடுத்து எங்கே போகும், யார் பார்த்துக்கொள்வார் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. இன்றைய எண்ணிலும் மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை.

வில்லன் செடி என்று ஒன்று உண்டா?

இந்தக் கதைகளின் இன்னொரு பழக்கம் போர் மொழி. அந்நியச் செடி 'படையெடுக்கிறது', இளைஞர்கள் 'எதிர்த்து நிற்கிறார்கள்', நிலம் 'மீட்கப்படுகிறது'. வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்து ஹவாய்ச் செடிப் பட்டியலைப் படிக்கும்போது இந்த மொழி ஒரு மாதிரி தடுமாறிப் போகிறது. காரணம், பட்டியலின் இரண்டு பக்கத்திலும் நமக்குத் தெரிந்த முகங்கள்.

அவர்கள் ஆஆலிஇ என்று கொண்டாடும் பூர்வீகச் செடி நம்முடைய விராலி. விராலிமலையின் பெயரிலேயே இருப்பதாகச் சொல்வார்களே, அதே இனம். அவர்களுடைய கடற்கரையைப் பிடித்து வைத்திருக்கும் பூர்வீகக் கொடி, நம் நெய்தல் நிலத்து அடம்பு. மிலோ என்று அவர்கள் கிண்ணம் கடைகிற மரம் நம்ம ஊர்ப் பூவரசு. அது தானாகக் கடலில் மிதந்து வந்ததா, பாலினேசியர் படகில் வந்ததா என்பதில் இன்னும் விவாதம். புன்னை அங்கே உண்டு, அது படகில் வந்தது. சேம்பும் ஈரப்பலாவும் அப்படியே. இவற்றைப் படகுச் செடிகள் என்று மரியாதையோடு தனி வகையில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். நம்ம ஊர் நாவல் மரம் அங்கே பரவும் களை. பொரியல் பண்ணுகிற கோவைக்காய் அங்கே அரசு பட்டியலிட்ட கேடு விளைவிக்கும் களை. மரத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்து மூச்சடைக்கிறது. அதை அடக்க 1990-களில் ஆப்பிரிக்காவிலிருந்து பூச்சிகளைக் கொண்டு வந்து விட்டார்கள். மாட்டுக்குப் போடும் கினிப்புல் அங்கே காட்டுத்தீக்கு எரிபொருள். உண்ணிச்செடி மட்டும் இரண்டு ஊரிலும் தொல்லை.

கோவைக்கொடி நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இங்கே அதைத் தின்னும் பூச்சியும் உண்டு, பறிக்கும் கையும் உண்டு. அங்கே இரண்டும் இல்லாமல் போய் இறங்கியது. செடியின் குணத்தில் வில்லத்தனம் ஒன்றும் இல்லை. அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் விஷயம்.

இது சொல் விளையாட்டு இல்லை. கலிஹியில் களை எடுக்க வரும் பிள்ளைகளில் பலர் வந்தேறிக் குடும்பத்துப் பிள்ளைகள். மைக்ரோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் ஹவாயில் கடுமையான ஏளனத்துக்கும் பாகுபாட்டுக்கும் ஆளாகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் போய் 'வெளியிலிருந்து வந்ததெல்லாம் பிடுங்கப்பட வேண்டியது' என்று பாடம் எடுத்தால் அதன் காதில் என்ன விழும்? கலிஹி மையம் இதை யோசித்திருக்கிறது என்று நினைக்கிறேன். உடல்நலம் என்பதை அவர்கள் நான்கு உறவுகளாக விளக்குகிறார்கள்: இடத்தோடு, மற்றவரோடு, கடந்த காலத்தோடும் வருங்காலத்தோடும், நம்முடைய நல்ல பகுதியோடு. இதில் 'நீ எங்கிருந்து வந்தாய்' என்பது தகுதிக் கேள்வியாக வரவில்லை. எந்த நிலத்திலிருந்து வந்தாயோ அதையும் கூடவே கொண்டு வா என்ற அழைப்பாக வருகிறது.

ஹவாய் மொழியில் குலியானா என்று ஒரு சொல் உண்டு. உரிமை, பொறுப்பு இரண்டும் அதில் சேர்ந்தே இருக்கிறது. நம்ம ஊர்ப் பத்திரங்களில் வரும் 'பாத்தியதை' கொஞ்சம் கிட்ட வரும் என்று தோன்றுகிறது. சொத்துக்கும் பாத்தியதை, கடனுக்கும் பாத்தியதை. நிலத்தின் மேல் உரிமை கோருகிறவர் அதன் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். போர் மொழியில் இதற்கு இடமில்லை. போர் என்றால் ஒரு நாள் முடிய வேண்டும். இது முடிகிற வேலை இல்லை.

பறவை செய்த வேலை

ஏன் முடியாது? இதற்கு ஒரு ஆய்வு நல்ல பதில் தருகிறது. ஒவாஹு தீவில் எந்தப் பறவை எந்தச் செடியின் விதையைப் பரப்புகிறது என்று பார்த்த ஆய்வு, 2019-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. பழம் தின்று விதை பரப்பிய பூர்வீகப் பறவைகள் அங்கே கிட்டத்தட்ட இல்லாமல் போய்விட்டன. அந்த வேலையை இன்று செய்வது வெளியிலிருந்து வந்த பறவைகள். அவற்றில் ஒன்று நம்ம ஊர்ச் சின்னான். 1960-களில் ஒவாஹுவில் நிலைபெற்றது. மைனாவோ 1865-இலேயே இந்தியாவிலிருந்து போய்விட்டது. இந்தப் பறவைகள் சுமப்பது பெரும்பாலும் அந்நியச் செடிகளின் விதையை. அதே நேரம், மிஞ்சியிருக்கும் பூர்வீகச் செடிகள் சிலவற்றுக்கும் இப்போது இவைதான் துணை. அவற்றை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாகச் சொல்ல முடியாது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இளைஞர்கள் ஒரு சரிவை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் காலை சின்னான் வந்து கிளையில் உட்காருகிறது. எச்சத்தில் புது விதை விழுகிறது. மண்ணுக்குள் ஏற்கெனவே உறங்கும் விதைகள் வேறு. மிகோனியா என்ற மரத்தின் விதை பத்து ஆண்டுக்கு மேல் மண்ணில் காத்திருந்து முளைக்கும். ஒவாஹுவின் பள்ளத்தாக்குகளில் அதை ஒவ்வொரு கன்றாகத் தேடிப் பிடுங்குகிறார்கள்.

ஒரு காலத்தில் பூர்வீகப் பறவைகள் விதையைக் கொண்டுபோய்ப் போட்டன, மேயும் விலங்கு இல்லாததால் அது பிழைத்தது. இப்போது அந்த வேலையை மனிதக் கை செய்கிறது. விதை சேகரிக்கிறது, பையில் வளர்க்கிறது, சுமந்து போய் நடுகிறது, களை எடுக்கிறது. பறவை ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வரவில்லை. தினமும் வந்தது. அந்த இடத்தை நிரப்பும் கையும் தினமும் இல்லாவிட்டாலும் மாதா மாதமாவது வர வேண்டும்.

எதிர்வாதங்கள்

நியாயமாக இரண்டு பதில்கள் வரலாம்.

ஒன்று: நடுகிற படம் ஆட்களைக் கூப்பிடுகிறது. களை எடுக்க வாங்க என்றால் யார் வருவார்கள்? உண்மைதான். கன்றுக்குப் பெயர் சொல்லி மண் தள்ளுகிற பிள்ளைக்கு ஏற்படும் மகிழ்ச்சி பொய் இல்லை. அந்த ஒரு நாள்தான் பலருக்கு வாசல். என் குறை வாசலைப் பற்றி இல்லை, வாசலையே வீடு என்று காட்டுவதைப் பற்றி. 2020-இன் கடைசியில் ஹவாய்ச் சுற்றுலாத் துறை ஒரு திட்டம் கொண்டு வந்தது. பயணிகள் ஒரு தன்னார்வ வேலையில் கலந்துகொண்டால் பங்கேற்கும் ஓட்டல்களில் கூடுதலாக ஓர் இரவு இலவசம் போன்ற சலுகைகள். வெறுமனே கடற்கரையில் படுத்துக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரே ஒரு முறை வருகிறவரின் கைக்கு ஏற்ற மாதிரி வேலையை வடிவமைக்கத் தொடங்கினால் நடுவது பெருகும், பராமரிப்பு சுருங்கும். வழிகாட்ட நிற்கும் உள்ளூர் ஆளின் நாளும் அதிலேயே போய்விடும்.

இரண்டு: முடியாத வேலையை ஏன் செய்ய வேண்டும்? இலக்கையே மாற்றலாமே? ஹீலோ நகரத்துப் பக்கம் ஒரு ஆய்வுக் குழு இதைச் சோதித்துப் பார்க்கிறது. தாழ்நிலக் காட்டில் அந்நியச் செடிகளை முழுக்க அகற்றிக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது என்று அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். அதனால் பூர்வீக மரங்களோடு தென்னை, மா, ஈரப்பலா போன்ற பரவித் தொல்லை தராத வெளி மரங்களையும் கலந்து நட்டு, களை குறைவாக முளைக்கும் ஒரு காட்டை உருவாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். எனக்கு இந்த முயற்சி பிடித்திருக்கிறது. நேர்மையான கணக்கிலிருந்து தொடங்குகிறது. எத்தனை நட்டோம் என்று கேட்காமல், இதைப் பராமரிக்க எத்தனை கை, எத்தனை வருடம் என்று கேட்டதால் பிறந்த சோதனை. பழைய காடு அப்படியே திரும்பும் என்ற வாக்குறுதியை அது தரவில்லை. எல்லாப் பள்ளத்தாக்குக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

யார் திரும்பி வர முடியும்?

கடைசியாக, இந்தக் கதைகள் தொடாமலே விடுகிற இடத்துக்கு வருகிறேன். திரும்பத் திரும்ப வருவதுதான் வேலை என்றால், திரும்பி வர யாரால் முடியும்?

2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் பூர்வீக ஹவாய் மக்கள் ஏறக்குறைய 6.8 லட்சம் பேர். அதில் 53 சதவீதம் பேர் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். அதற்கு முந்தைய 2010 கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் தீவுகளில்தான் இருந்தார்கள். வீட்டு வாடகையும் விலைவாசியும் தாங்காமல் கிளம்பிப் போகிறவர்கள் அதிகம். லாஸ் வேகஸ் நகரத்தை ஹவாய்க்காரர்கள் 'ஒன்பதாம் தீவு' என்று அழைக்கிற அளவுக்கு அங்கே குடியேறிவிட்டார்கள். பூர்வீகச் செடி நடும் பிள்ளை, அந்தச் செடி பூப்பதற்குள் பாலைவன நகரம் ஒன்றில் வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.

கவனிப்பாரற்ற நிலம் என்ன செய்யும் என்பதற்கு 2023 ஆகஸ்ட் சாட்சி. மாவி தீவின் லஹைனா தீயில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தீ வேகமாகப் பரவியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டியிருந்த அந்நியப் புற்கள். தோட்டக்காரர்கள் போய்விட்டார்கள், புல் இருந்தது. களை எடுப்பது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை என்று புரிய இதற்கு மேல் ஒரு உதாரணம் தேவையில்லை.

ஆகவே பள்ளத்தாக்கில் பூர்வீகச் செடி நிலைக்குமா என்ற கேள்வி, அந்தப் பள்ளத்தாக்கில் வாடகை கொடுக்க முடிகிறதா என்ற கேள்வியோடு கட்டியிருக்கிறது. பராமரிப்புக்குச் சம்பளம் உண்டா, இல்லை அது என்றென்றும் இளைஞர்களின் இலவச உழைப்புதானா என்ற கேள்வியோடும்தான். 2007-இல் தொடங்கிய குபு என்ற அமைப்பு இளைஞர்களை உதவித்தொகையோடு இந்த வேலையில் பயிற்றுவிக்கிறது. குபு என்றால் முளைத்தல். ஒரு சுகாதார நிலையம் காட்டைக் கவனிப்பதும் இதே திசையில்தான் இருக்கிறது. ஊரில் இருக்கிற ஆட்கள் ஊரிலேயே இருக்க வழி செய்தால், களை எடுக்கக் கை கிடைக்கும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் கண்ணில் பட்டால், ஹவாயோ வேறு எந்த ஊரோ, நட்ட எண்ணைத் தாண்டி மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். போன வருடம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? இதே ஆட்கள் இது எத்தனையாவது தடவை வருகிறார்கள்? களை எடுப்பதற்கு யாருக்காவது சம்பளம் உண்டா? பதில் இருந்தால் அந்த இடத்தைப் பற்றி எனக்கும் எழுதுங்கள், குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.